அவனுக்குப் பதிலாக ஓர் ஆள்

எங்கள் கதைக்காரி செய்தது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நேராகத் தொடும் வழியை அவளுக்கு அடைத்து வைத்தது யார் என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் அவளைக் குறை சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நெட்டையின் வீட்டு முன்னறையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். பார்க்கிறவர்கள் சீட்டாட்டம் என்று நினைப்பார்கள். சீட்டே கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, நான் மதில் ஏறுகிறேன், நான் பூட்டை உடைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஏறினானா, விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டானா என்பதை இருபது முகம் வைத்த ஒரு பகடை முடிவு செய்யும். ஒரு கதை முடிய மாதக்கணக்கில் ஆகும். ஏழு கழுதை வயதாகியும் திருடன் போலீஸ் விளையாட்டா என்று என் மனைவி கேட்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

கதை சொல்கிறவள் நெட்டையின் மனைவி. பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிற வேலை. எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எந்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நாளெல்லாம் யோசிக்கிற மூளை. அவள் கதையில் ஒரு பூதம் தாமதமாக வந்தால்கூட அதற்குக் காரணம் இருக்கும். அரைத்த மாவையே அரைக்கிற ராஜா ராணிக் கதையெல்லாம் அவளுக்குப் பிடிக்காது. பழைய புராணங்களாகத் தேடி எடுப்பாள். பாற்கடலைக் கடைகிற கதையை எடுத்து, எங்களைப் பாம்பின் தலைப் பக்கம் நிறுத்திவிட்டாள். விஷம் கக்கியதும் அதை யார் குடிப்பது என்று நாங்கள் வாரக்கணக்கில் அடித்துக்கொண்டோம். கடைசியில் நெட்டைதான் குடித்தான். "யாராவது குடிச்சுத் தொலைக்கணும்ல, டீ ஆறுது," என்றான்.

நெட்டை என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். பல் செட் செய்கிற லேபில் வேலை. மீந்த பிளாஸ்டரில் எங்கள் வேஷங்களுக்குச் சின்னச் சின்னப் பொம்மைகள் வார்த்துக் கொண்டுவருவான். எல்லாப் பொம்மையும் பல் நிறத்தில்தான் இருக்கும். அவனுக்கு நேர் எதிரே அவனுடைய அக்கா உட்காருவாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் செய்யும் கூத்துக்கெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகியதில், மேசையில் யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது செய்யப் போனாலும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நான்காவது ஆள் நான். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கதையானாலும் எனக்குத் திருடன் வேஷம்தான்.

எங்கள் மேசைக்கு ஒரே ஒரு சட்டம். பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு என்ன சொன்னாலும் அது சொன்னதுதான், பிறகு மாற்றக் கூடாது. ஒருமுறை நான் கைக்குள் பகடை இருப்பதை மறந்து, காவலாளிக்கு என் கால்சட்டையைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டேன். அந்தக் கதை முடியும்வரை என் திருடன் கால்சட்டை இல்லாமல்தான் மூன்று ராஜ்ஜியங்களைக் கடந்தான்.

போன வருஷம் நெட்டையின் இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு படுக்க வேண்டும். எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து டாக்டர் பேசினார். யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் இவர் பிழைப்பார், ரத்த சொந்தமாக இருந்தால் நல்லது என்றார். மனைவிக்கு ரத்தமே பொருந்தவில்லை. நான் சட்டையைக்கூட மடித்துவிட்டேன், சிநேகிதர்களிடம் எடுப்பதில்லை என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அம்மா அப்பா கிடையாது. மிச்சம் இருந்தது அக்கா மட்டும்தான். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"பாக்கலாம்," என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள், விளையாடுவாள், தம்பிக்குப் பழையபடி திட்டு விழும், போய்விடுவாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. சரி, நாமாவது கேட்டுவிடலாம் என்றால் நெட்டை குறுக்கே விழுந்தான். என் எதிரில்தான் மனைவியிடம் சொன்னான்.

"அக்காகிட்ட நீ இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா அன்னையோட நான் மெஷின்ல போய்ப் படுக்க மாட்டேன். அவளுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு. அவளாக் குடுத்தா வாங்கிக்கறேன். நாம கேக்கக் கூடாது."

"கேக்காம எப்படிங்க குடுப்பாங்க?"

"கேக்கக் கூடாதுன்னா கேக்கக் கூடாது."

அவன் சொன்னதைச் செய்கிறவன். அதனால் அவள் கேட்கவில்லை. கேட்காமல் அந்தக் கேள்வியை மென்று விழுங்கி விழுங்கி, அது உள்ளே வெறுப்பாக மாறியது. வாயால் ஒரு வார்த்தை தவறாகப் பேச மாட்டாள். ஆனால் எல்லோருக்கும் டீ கொடுத்தபிறகு கடைசியில் ஆறிப்போன டம்ளர் அக்காவுக்குப் போகும். வாங்க அண்ணி என்பது நின்று, வந்துட்டீங்களா என்று ஆனது. அக்கா எதையும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. என்ன நெஞ்சழுத்தம் என்று நானும் நினைத்தேன். சொந்தத் தம்பி கண் முன்னால் கரைந்துகொண்டிருக்கிறான், இவள் ஆறின டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு டாக்டர் அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார். கையில் ஊசி போட வைத்திருந்த நரம்பு அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள், அதில் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்தது. மெஷினில் படுத்த கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்புகிறது. இனி இதை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று நெட்டையின் மனைவியை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அந்த வாரம்தான் அவள் புதுக் கதையை ஆரம்பித்தாள்.

பூமியெல்லாம் காய்ந்து கிடக்கிறது, விதை எல்லாம் செத்தவர்களின் ஊரில் மாட்டிக்கொண்டது, கீழே இறங்கிப் போய் அதைக் கொண்டுவர வேண்டும். இதுதான் கதை. "இந்தத் தடவ கதைலயும் நீங்க அக்கா தம்பியாவே இருங்க," என்றாள். அக்கா படகுக்காரி, நெட்டை இடையன், நான் வழக்கம்போல. கீழே போகிற வழியில் ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன் நம்மிடம் இருப்பதில் ஒன்றைக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவான். என் சாவிக்கொத்து போயிற்று, செருப்பு போயிற்று. அக்காவின் துடுப்பு போயிற்று. நெட்டையின் கோல், கம்பளி, கடைசியில் புல்லாங்குழல். வாராவாரம் நாங்கள் ஏழையாகிக்கொண்டே போனோம். நெட்டை கதையிலும் இளைத்தான், நாற்காலியிலும் இளைத்தான்.

என்னுடைய திருட்டுப் புத்தி சும்மா இருக்குமா. ஏழாவது வாசலில் என்ன கேட்பான் என்று முன்கூட்டியே தெரிந்தால் தப்பிக்கலாமே என்று, ஒருநாள் ஒரு அடுக்குமாடியின் மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து போனில் தேடினேன். இவள் எங்கே எடுத்தாள் என்று கண்டுபிடித்துவிட்டேன். களிமண் பலகையில் எழுதி வைத்த காலத்துக் கதை. ஒரு தேவதை ஏழு வாசல் தாண்டிக் கீழே போகிறாள். திரும்பி வர வேண்டும் என்றால் தனக்குப் பதில் ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அவள் கணவனைக் கொடுத்துவிடுகிறாள். அப்போது அந்தக் கணவனின் கூடப்பிறந்தவள் ஒருத்தி ஓடிவந்து, பாதி வருஷம் அவன் கீழே இருக்கட்டும், மீதிப் பாதி நான் இருக்கிறேன் என்கிறாள்.

இதை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கணவனின் உடன்பிறந்தவள். பாதி. இவள் எத்தனை புராணத்தைப் புரட்டி, எத்தனை நாட்டுக் கதையைத் தேடி இதைப் பிடித்திருப்பாள் என்று யோசித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே போனேன். அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கடைசி வாசல்ல என்ன கேப்பான்?"

அவள் திரும்பவில்லை. "படிச்சிட்டீங்களா."

"படிச்சிட்டேன். நெட்டைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"நான் யாரையும் எதையும் கேக்கலண்ணே. வாசக்காரன் கேக்கறான்." அடுப்பை அணைத்தாள். "அவங்க வாயால, வெளையாட்டுக்காவது, நான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அது போதும் எனக்கு. அப்புறம் எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு இல்லேன்னு சொல்லுவாங்க? நீங்க மட்டும் தயவுசெஞ்சு வாய மூடிட்டு இருங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். சொல்லப் போனால் எனக்கும் அதே ஆசைதான்.

கதை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. ஆட்டக்காரர்கள் முன்னால் ஒரே ஒரு வழியை மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால் அவர்கள் சுவரை இடிப்பார்கள், இல்லை உன் கதையை இடிப்பார்கள். அவளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அன்றைக்கு அதை அவள் காற்றில் பறக்கவிட்டாள். ஏழாவது வாசலில் எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டு ஒரே ஒரு சந்து மட்டும் வைத்திருந்தாள்.

"விதைய எடுத்துக்கிட்டு நீங்க போகலாம்," என்றாள் காவல்காரனின் குரலில். "ஆனா கீழ எண்ணிக்க கொறையக் கூடாது, விதைக்கு ஈடா ஒரு ஆள் வேணும். இடையன் இங்கயே இருப்பான்."

"நான் காவல்காரனுக்கு லஞ்சம் குடுக்கறேன்," என்றேன். ஆடித்தான் ஆக வேண்டும்.

"உன்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்ல. ஆறு வாசல்ல எல்லாத்தையும் குடுத்துட்ட."

"வந்த வழியே ஓடறோம்," என்றான் நெட்டை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தான். அன்றைக்கு அவன் முகம் வீங்கி, கண் சின்னதாகிவிட்டிருந்தது.

"வந்த வழி இப்ப சுவர்." அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்தாள். "ஒரே ஒரு வழி இருக்கு. கூடப்பொறந்தவங்க யாராவது வந்து, பாதி வருஷம் அவனுக்குப் பதிலா நான் இருக்கேன்னு சொன்னா, இடையன் மேல போகலாம். வேற யார் சொன்னாலும் செல்லாது. கூடப்பொறந்தவங்கதான் சொல்லணும்."

அக்கா பகடையை எடுத்துக் கைக்குள் மூடினாள். எதற்கும் யோசிக்காமல் உருட்டுகிறவள். இதே கதையில் அவளுடைய படகுக்காரி தம்பிக்காக முதலை வாயில் தலையை விட்டவள். இப்போது மூடிய கை மேசைமேல் அப்படியே இருந்தது. சொல்லு, ஒரு வார்த்தைதானே, பொய்யாகவாவது சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். மேசைக்கடியில் அவள் வலது கால் தரையை அழுத்துவது எனக்குத் தெரிந்தது.

நெட்டை முதலில் அக்காவைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இதுக்குத்தானா," என்றான். "இத்தன வாரமா இதுக்குத்தான் கூட்டிட்டுப் போனியா. நான் என்ன சொல்லியிருந்தேன் உன்கிட்ட?"

"நான் கேக்கலங்க."

"கேக்கலயா? இதுக்குப் பேர் என்ன? போதும், மூட்டை கட்டு. நாளைலேருந்து நான் மெஷினுக்குப் போகல."

"இருடா," என்றாள் அக்கா.

கையைத் திறந்தாள். பகடையை உருட்டாமல் மேசையில் வைத்தாள். எந்த முகம் மேலே இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"அத கைல வெச்சிக்கிட்டு என்னால சொல்ல முடியாது. நான் போயிட்டு வந்துட்டேன். டாக்டர் சொன்ன அந்த வாரமே போனேன். ஸ்கூல்ல லைசன்ஸ் வேலைன்னு சொல்லிட்டுத் தனியாப் போனேன். ரத்தம் பொருந்துச்சு. எல்லாம் பொருந்துச்சு. ஸ்கேன் எடுத்தாங்க. எனக்கு ஒண்ணுதான் இருக்காம். பொறந்ததுலேருந்தே ஒண்ணுதானாம். ரெண்டு புள்ள பெத்திருக்கேன், அப்பகூட யாரும் கவனிக்கல. திரும்ப எடுங்கன்னு சண்ட போட்டேன். திரும்ப எடுத்தாங்க. அதேதான்."

தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"இத்தன மாசமா ஏன்க்கா சொல்லல?" என்றேன். எனக்கே என் குரல் அசிங்கமாகக் கேட்டது.

"நான் பாக்கலாம்னு சொல்லிட்டு இருக்கற வரைக்கும் இவங்களுக்கு ஒரு ஆள் மிச்சம் இருந்துச்சுல்ல. சொல்லிட்டா யாரு இருக்கா?" அவள் தம்பியைப் பார்க்கவில்லை, அவன் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். "அதுக்குள்ள ஆஸ்பத்திரி லிஸ்ட்லேருந்து வந்துடும்னு நெனச்சேன். செத்தவங்க யாரோடதாவது. வாராவாரம் போய் விசாரிச்சேன். நம்ம முறை வர்ற மாதிரியே இல்ல."

நெட்டையின் மனைவி எழுந்தாள். எழுந்த வேகத்தில் பிளாஸ்டர் பொம்மைகள் சாய்ந்தன. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கத்தினாள். அவள் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

"ஏன் சொன்னீங்க? மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல? குடுக்க இஷ்டமில்லேன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணி? உங்கள வெறுத்துக்கிட்டாவது நான் இருந்திருப்பேன். இப்ப நான் யார்கிட்டப் போவேன்?"

"அதுக்குத்தாம்மா சும்மா இருந்தேன்," என்றாள் அக்கா. "உனக்கு அது தேவப்பட்டுச்சு. எனக்குத் தெரியாதா?"

ஆறின டீயெல்லாம் அவள் தெரிந்தேதான் குடித்திருக்கிறாள். நெஞ்சழுத்தக்காரி என்று நான் நினைத்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நெட்டையின் மனைவி அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். ஒரு சின்னச் சந்து இருக்கிறது என்ற நினைப்பில்தான் நாங்கள் எல்லோரும் இத்தனை நாள் சாப்பிட்டோம், தூங்கினோம், வேலைக்குப் போனோம். அதை நாங்களே தோண்டித் தோண்டி அது சந்து இல்லை என்று கண்டுபிடித்துவிட்டோம்.

கடைசியில் நெட்டைதான் பேசினான். கோபமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது.

"கதைய முடி."

"முடிக்க மாட்டேன்," என்றாள் அவள், மடியிலிருந்து முகத்தை எடுக்காமல். "அந்த வாசலே கெடயாது. நான்தான எழுதினேன், நான் கிழிச்சிப் போடறேன்."

"வேணாம். இவங்க ரெண்டு பேரும் விதைய எடுத்துக்கிட்டு மேல போகட்டும். நான் இருக்கேன்." அவன் சிரிக்கப் பார்த்தான். "யாராவது இருந்து தொலைக்கணும்ல."

"வாய மூடுடா," என்றாள் அக்கா.

"இல்லக்கா. எனக்கு ஒண்ணு தெரியணும்." மனைவியைக் கூப்பிட்டான். அவள் நிமிர்ந்தாள். "ஏழு வாசலையும் காட்டிட்ட. உள்ள எப்படி இருக்கும்னு நீ சொல்லவே இல்ல. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு. சொல்லேன்."

வேடிக்கையாகவே எல்லாவற்றையும் பேசுகிறவன் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை அன்றுதான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் களிமண் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே வெளிச்சம் கிடையாது. இருக்கிறவர்களுக்குப் புழுதிதான் ஆகாரம். கதவிலும் தாழ்ப்பாளிலும் புழுதி படிந்திருக்கும். போனவர்கள் வருவதில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டு சாய்ந்த பொம்மைகளை நிமிர்த்தி வைத்தேன்.

"வெளிச்சமா இருக்கும்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது, ஆனால் கதை சொல்கிற குரல்தான். "பெரிய கூடம். ஜன்னல் எல்லாம் தொறந்திருக்கும். காத்து வரும். யாரும் உன்ன ஊசியால குத்த மாட்டாங்க."

"தண்ணி இருக்குமா?"

மெஷினில் படுக்கிறவர்களுக்குத் தண்ணீர் ஆகாது. அவனுக்கு ஒரு நாள் முழுக்க அனுமதி ஒரு சின்ன பாட்டில். அதிலும் மாத்திரைக்கே பாதி போய்விடும். பல மாதமாக நாக்கை ஐஸ் துண்டால் நனைத்துக்கொண்டு இருந்தவன் கேட்கிறான்.

"இருக்கும்," என்றாள். "வாசலத் தாண்டின ஒடனே ஒரு பெரிய பான. நெறைய, குளுகுளுன்னு."

"எவ்வளவு குடிக்கலாம்?"

"உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. யாரும் அளக்க மாட்டாங்க."

நெட்டை கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"இன்னும் சொல்லு," என்றான்.